எந்தத் தேதியில் இழந்தோம்?

மலேசியாவின் சிகாமட்டில் அவனைத் தெரிந்தவர்களிடம் அவன் எப்போது போனான் என்று கேட்டால் ஆளுக்கொரு தேதி சொல்வார்கள். எங்களோடு ஐந்தாம் படிவம் படித்தவர்களுக்கு அது 1988. "அப்பவே போயிட்டான்டா அவன்" என்பார்கள். அவன் அம்மாவுக்கு அது 1990-இன் கடைசி, மகனை முதன்முதலாக ஜொகூர் பாருவுக்கு அழைத்துப்போன நாள். தேசியப் பதிவிலாகா தந்த சான்றிதழில் இருக்கும் ஆண்டு 2014. முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே இருபத்தாறு வருடம் கிடக்கிறது. அந்த வருடங்களில் அவன் எங்கே இருந்தான் என்று யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும். கூடப் படித்தவன் என்ற உரிமையில் நான் கேட்கிறேன்.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. தம்பி தங்கைகள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் பருவம் இது. இனிப்பு நீரில் இறந்த மாமாவைப் பற்றி வாசலில் நின்றே பேசுகிற குடும்பங்கள், மனச்சிதைவு வந்த மாமாவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வருகின்றன. அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஊர் அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

பத்து அன்னாம் போகும் வழியில் ஒரு ரப்பர் தோட்டம். எங்கள் இரண்டு வீடும் ஒரே லயத்தில் இருந்தன. இரு வீட்டிலும் அப்பா அம்மா இருவருமே பால்வெட்டுக்குப் போகிறவர்கள். பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்கவும் கோட்டுப்பால் உரிக்கவும் நாங்களும் நிரைக்குப் போவோம். மதியம் பால் ஸ்டோரில் வரிசை நிற்கும். தோட்டத்துக் கணக்கரான கிராணி வாளிப் பாலை அளப்பார்; மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு, அதில் எத்தனை விழுக்காடு காய்ந்த ரப்பர் தேறும் என்று பார்ப்பார்; இரண்டையும் பெருக்கி எழுதிக்கொள்வார். பாலில் எவ்வளவு ரப்பர் தேறுகிறதோ அதற்குத்தான் சம்பளம். பத்து வயதில் அவன் அம்மாவின் வாளியருகே நின்று அந்தப் பெருக்கலை மனசுக்குள்ளேயே போடுவான். ஒருநாள், "ஐயா, அரைக் கிலோ கொறையுது" என்றான். கிராணி முறைத்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றி மறுபடி பெருக்கினார், திருத்தி எழுதினார். மறுநாளிலிருந்து வரிசையில் நின்ற மற்றப் பெண்களும், "இங்க வா சாமி, எனக்கும் பாரு" என்று அவனைக் கூப்பிட்டுத் தங்கள் வாளிக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம். பிறகு டவுன் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு. மலாய்மொழிப் பாடங்களுக்குத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும் அந்த ஒரு வருடத்தை எல்லாரும் தண்டனைபோலக் கழித்தோம். அவன் மட்டும் அடுத்த வருடத்துக் கணக்குப் புத்தகத்தைக் கடன்வாங்கிப் போட்டு முடித்தான். 1987-இல் ஐந்தாம் படிவ முடிவில் எஸ்.பி.எம். தேர்வு எழுதினோம். ஆறாம் படிவத்துக்குப் போனவர்கள் எங்கள் தோட்டத்தில் அதற்கு முன் மிகச் சிலர். அவன் போனான்.

சேர்ந்த சில மாதத்தில் அவனுக்குத் தூக்கம் குறைந்தது. பள்ளி விட்டதும் ரயில் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வான். அப்போது அது ஒற்றைத் தண்டவாளம். எதிர் வண்டி கடந்து போவதற்காகச் சரக்கு வண்டிகள் நெடுநேரம் காத்து நிற்கும். பெட்டிகளின் பக்கவாட்டில் இருக்கும் எண்களை அவன் 555 புத்தகத்தில் எழுதிக்கொண்டே போனான். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புத்தகம் தெரியும். சட்டைப்பையில் அடங்கும், அட்டையில் 555 என்று போட்டிருக்கும், மளிகைக்கடைக் கடன் அதில்தான் ஏறும். ஒரு பக்கத்தை எனக்குக் காட்டினான். இடது வரிசையில் பெட்டி எண். நடுவில் அதன் இலக்கங்களின் கூட்டு. வலது ஓரத்தில் எங்கள் வகுப்பில் யாரோ ஒருவர் பெயரின் முதலெழுத்து. கூட்டல் ஒன்றுகூடத் தப்பில்லை.

"எனக்குத்தான் அனுப்புறாங்க" என்றான்.

"யாருடா?"

"அதைத்தான் கண்டுபிடிச்சிக்கிட்டு இருக்கேன்."

பின்னாளில் இதைப் புரிந்துகொள்ளத் தேடியபோது எனக்குத் தெளிவு தந்தது ஷித்திஜ் கபூர் என்ற மனநல மருத்துவர் 2003-இல் எழுதிய கட்டுரை. அதன் சாரம் இது. நம்மைச் சுற்றி நடப்பவற்றில் எதைக் கவனிக்க வேண்டும் என்று குறித்துக் காட்டும் வேலையில் மூளையின் டோப்பமின் என்ற ரசாயனத்துக்குப் பங்குண்டு. மனச்சிதைவு தொடங்கும்போது அது வேளை கெட்ட வேளையில், காரணமின்றிச் சுரக்கிறது. அப்போது கதவு சாத்தும் சத்தமும், பக்கத்து மேசைக்காரர் இருமலும், சரக்குப் பெட்டியின் எண்ணும் ஏதோ பெரிய சேதியாக வந்து நிற்கின்றன. அனுபவிக்கிறவர் சும்மா இருந்துவிட முடியாது. ஏன் இது இவ்வளவு முக்கியமாகத் தெரிகிறது என்பதற்கு ஒரு விளக்கம் கட்டியே ஆக வேண்டும். அவர் கட்டும் விளக்கத்தைத்தான் வெளியே நிற்கும் நாம் பிதற்றல் என்கிறோம். விளக்கம் கண்டுபிடிப்பதில் எங்கள் வகுப்பில் அவனுக்கு இணை யாருமில்லை. பால் ஸ்டோரில் அரைக் கிலோவைப் பிடித்த அதே புத்திதான் ரயில் நிலையத்திலும் வேலை செய்துகொண்டிருந்தது.

உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ வருகிறது. பரீட்சை, காதல், முதல் வேலை, வீட்டைவிட்டு வெளியூர் போவது எல்லாம் ஒன்றுசேரும் வயது அது. அதனால்தான் நோய் வேறு எதுவாகவோ தோன்றிவிடுகிறது. "படிச்சுப் படிச்சு மூளை சூடேறிடுச்சு" என்றார் அவன் அப்பா. தலைக்கு நல்லெண்ணெய் வைத்தார்கள். தோட்டத்து முனியாண்டிக்குச் சேவல் அறுத்தார்கள். சாமியாடி ஒருவர், ரயில் பாதையோரம் காத்து கருப்பு பட்டிருக்கிறது என்று கயிறு கட்டினார். ஜெமந்தா பக்கம் போமோ என்னும் மலாய்க்கார மந்திரவாதி ஒருவரிடம் போனார்கள். அடுத்த தைப்பூசத்துக்கு அவன் அம்மா பத்துமலையில் பால்குடம் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் செலவானது அவர் விடியலுக்கு முன் எழுந்து வெட்டிய பால்.

எண்கள் எழுதத் தொடங்கியதற்கும் முதல் மாத்திரை விழுங்கியதற்கும் நடுவே இரண்டு வருடத்துக்கு மேல் போய்விட்டது. இதைக் கேட்டதும் தோட்டத்துச் சனங்களின் அறியாமை என்று எழுதி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது: 2003-இல் மலேசிய சுகாதார அமைச்சு மனச்சிதைவு நோயாளிகளைப் பதிவுசெய்யத் தொடங்கியபோது, எல்லா இனத்தையும் சேர்த்து, முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் இடையே சராசரியாக இரண்டு வருடத்துக்கும் மேலாகவே இருந்தது. நாடே தாமதித்தது. அவன் வீடு மட்டும் தனியாகத் தாமதிக்கவில்லை.

கோயிலுக்குப் போனதையும் நான் வீண் என்று சொல்ல மாட்டேன். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் அவருடன் வேலை செய்தவர்களும் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூரில் இருக்கும் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த நோயாளிகளைக் கவனித்து 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே மருந்தில்லை, சிறப்புச் சடங்குகூட இல்லை. குடும்பத்தார் ஒருவர் உடனிருக்க, சில வாரம் தங்கி, கோயில் வேலைகளில் கைகொடுத்தார்கள். அறிகுறிகளின் அளவு கிட்டத்தட்ட 20 விழுக்காடு குறைந்திருந்தது. அடிக்காத, விரட்டாத, வேலை கொடுக்கிற ஓர் இடம் மனுசனை எவ்வளவு தேற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதற்கு முந்தைய வருடம், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓலைக் கொட்டகையில் பிடித்த தீயில் எழுந்து ஓட முடியாமல் எரிந்து போனார்கள். அங்கே கொண்டுவந்து விட்டவர்களும் நம்பிக்கையோடுதான் விட்டார்கள். சங்கிலி போட்ட இடத்துக்கும் வேலை கொடுத்த இடத்துக்கும் உள்ள தூரம்தான் இந்தப் பிரச்சினை முழுவதும்.

இருந்தாலும் காலம் போனது போனதுதான். சிகிச்சை இல்லாமல் கழியும் மாதங்கள் நீள நீள, பிறகு தேறுவது கடினமாகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. நோர்வேயின் ஸ்தவாங்கர் பகுதியில் 1997-இல் ஒரு வேலை தொடங்கினார்கள். பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள். பள்ளி ஆசிரியர்களுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று ஒரு தொலைபேசி எண் தந்தார்கள். கூப்பிட்டால் குழு ஒன்று வீட்டுக்கே போகும். வழக்கமான பகுதிகளில் 16 வாரமாக இருந்த இடைவெளி அங்கே 5 வாரமாகக் குறைந்தது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, முழுமையாக மீண்டு வேலையும் வீடுமாக இருந்தவர்கள் அங்கே 31 விழுக்காடு. ஒப்பிட்ட பகுதிகளில் 15. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்தைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். ஜொகூர் கடல்பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரிலும் 2001 முதல் இதே வழியில் நடக்கிறார்கள்.

1990-இல் எங்களுக்கு அப்படி எதுவுமில்லை. மலேசியாவில் மனநோய் மருத்துவம் என்றால் அப்போது பெரும்பாலும் நான்கு பெரிய ஆஸ்பத்திரிகள். தீபகற்பத்தில் இரண்டு: 1911-இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான், ஜொகூர் பாருவில் தம்போய். மற்ற இரண்டும் சபா சரவாக்கில். சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாரு 170 கிலோமீட்டருக்குக் குறையாது. தம்போய் என்ற பெயரைச் சொல்லியே ஜொகூரில் பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். அப்படிப் பயமுறுத்தி வளர்த்த ஓர் இடத்துக்குப் பெற்ற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக ஒரு தாய்க்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் துணிச்சலை அவருக்குக் கொடுத்தவர் தோட்டத்து டிரஸ்ஸர். காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து தரும் மனிதர். ஒரு மாலை லயத்துக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து அவனோடு ஒரு மணி நேரம் பேசினார். எழுந்து போகும்போது, "அம்மா, இது சாமி விசயமில்ல. வியாதி. மருந்து இருக்கு. நான் கடிதம் தர்றேன்" என்றார். இரண்டு வருடத்தில் முதன்முதலாக ஒருவர் அதற்கு மருந்து இருக்கிறது என்று சொன்னார். அந்த டிரஸ்ஸர் 1988-லேயே திண்ணையில் உட்கார்ந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

சில வாரத்தில் அவன் திரும்பி வந்தான். சரக்கு வண்டிகள் வெறும் சரக்கு வண்டிகளாகிவிட்டிருந்தன. "இப்ப நம்பர் நம்பராத்தான் இருக்கு" என்று அவனே சொன்னான். ஆனால் ஆறாம் படிவம் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. புத்தகத்தை எடுத்தால் அரைப் பக்கத்துக்கு மேல் மனசு நிற்கவில்லை. குரல்களையும் சந்தேகங்களையும் மருந்து அடக்கும். ஆர்வம், முனைப்பு, தொடங்கிய வேலையை முடிக்கும் சக்தி இவற்றை நோய் எடுத்துக்கொண்டால் மருந்து அவ்வளவாக மீட்டுத் தருவதில்லை. மாதாமாதம் இடுப்பில் போடும் மோடிகேட் ஊசி கையில் நடுக்கத்தைக் கொண்டுவந்தது. நடையும் சற்று விறைத்தது. கூடப் படித்தவர்கள் "போயிட்டான்" என்று சொன்னது இந்த உருவத்தைப் பார்த்துத்தான்.

நான் அவர்களோடு உடன்படவில்லை. அவன் அதன்பிறகு இருபத்துநான்கு வருடம் வாழ்ந்தான். அந்த இருபத்துநான்கு வருடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே.

தோட்டம் செம்பனைக்கு மாறியதும் அவர்கள் டவுனுக்கு அருகே ஒரு தாமானில் மலிவு வீடு வாங்கிக் குடிவந்தார்கள். தினமும் காலையில் அவன் ஓர் ஒட்டுக்கடைக்கு வருவான். கடைக்காரர் அவனுக்குத் தே ஓவை அரை கிளாஸ்தான் ஊற்றுவார். அவன் குடித்து முடித்ததும் ஒரு சொல் பேசாமல் மறுபடி அரை கிளாஸ் ஊற்றுவார். நிறைத்துக் கொடுத்தால் நடுக்கத்தில் சிந்தும். சிந்தினால் நாலு பேர் பார்ப்பார்கள். ஒரு கிளாஸுக்குத்தான் காசு. இது எத்தனையோ வருடம் நடந்தது. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. முடிதிருத்தும் கடைக்காரர் அவனைக் கூட்டமில்லாத மதிய நேரத்தில் வரச்சொல்வார். பின்னால் கத்திரிச் சத்தம் கேட்டால் அவனுக்குப் பதற்றம் வரும் என்பதால், "இப்ப வலது காதுகிட்ட வர்றேன் தம்பி" என்று ஒவ்வொன்றாகச் சொல்லியபடி வெட்டுவார்.

ஜூன் வந்தால் சிகாமட் முழுக்க டுரியான் வாசம். சாலையோரம் கொட்டகை போடும் சீனத் தவுக்கே ஒருவர் அவனைச் சேர்த்துக்கொண்டார். பழத்தைப் பிளக்க அவன் கைக்கு முடியாது, கத்தி வழுக்கும். கணக்கு அவனிடம் இருந்தது. தராசில் பழம் ஏறியதும், கிலோவுக்கு இவ்வளவு என்றால் மொத்தம் இவ்வளவு, நூறு வெள்ளிக்கு மீதி இவ்வளவு என்று முள் நிற்பதற்குள் சொல்லிவிடுவான். தவுக்கேவின் பெண் கால்குலேட்டரில் தட்டிச் சரிபார்த்தது முதல் வருடம் மட்டும்தான். மழை பெய்து வியாபாரம் குறைந்த நாளிலும் தவுக்கே அவன் கூலியைக் குறைத்ததில்லை. பிற இனத்துக்காரர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று அடிக்கடி கேட்கப்படும் நாட்டில் வாழ்கிறோம். இதையும் ஒரு பதிலாக எழுதிவைக்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளிலேயே நிலைபெற்ற நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். ஊசிக்காக வெளியூர் போகும் அலைச்சல் நின்றது. 2006 டிசம்பரில் சிகாமட் ஆறு ஊருக்குள் புகுந்தபோது அவன் அம்மா பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடியது கிளினிக் அட்டையை மட்டும்தான். நிவாரண மையமாக மாறியிருந்த பள்ளியில் ஒரு தாதி அந்த அட்டையைப் பார்த்து, தேதி தவறாமல் ஊசிக்கு ஏற்பாடு செய்தார். கூட்டமும் சத்தமும் அவனைக் கலைத்துவிடும் என்று எல்லாரும் பயந்தோம். அவனோ சமையல் ஆட்களிடம் போய் உட்கார்ந்து, இத்தனை குடும்பம், இத்தனை பிள்ளைகள், இத்தனை கிலோ அரிசி என்று வேளைக்கு வேளை சொல்லிக்கொண்டிருந்தான். ஜனவரியில் மறுபடி வெள்ளம் வந்தபோது அவர்களே, "அவரு எங்க?" என்று கேட்டார்கள். 'அவரு' என்று.

1968-இல் உலகச் சுகாதார நிறுவனம் பல நாடுகளில் மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கியபோது ஆய்வாளர்கள் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. பணக்கார நாட்டு நோயாளிகளைவிட இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளில் பலர் நன்றாகத் தேறியிருந்தார்கள். சென்னையில் டாக்டர் தாராவும் அவர் குழுவினரும் எண்பதுகளின் தொடக்கத்தில் முதன்முறை நோய்வாய்ப்பட்ட 90 பேரை இருபது வருடத்துக்கும் மேலாகப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் பலர் வேலை பார்த்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். ஏழை நாட்டுக் குடும்பம்தான் மருந்து என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த முடிவைக் கேள்விக்குள்ளாக்கிய ஆய்வுகளும் வந்திருக்கின்றன. சாப்பாடு போடும் வீடும், செய்யத்தக்க ஒரு வேலையும், பெயர் சொல்லிக் கூப்பிடும் தெருவும் இருந்தால் இந்த நோயோடு வாழ முடியும் என்பதை மட்டும் நான் சிகாமட்டில் என் கண்ணால் பார்த்தேன்.

நம் இலக்கியத்திலும் மனநோயோடு வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆத்மாநாம் 1984-இல், முப்பத்துமூன்றாம் வயதில் தன் உயிரை முடித்துக்கொண்டபோது அவருடைய தொகுப்பாக வந்திருந்தது 'காகிதத்தில் ஒரு கோடு' ஒன்றுதான். நண்பர் பிரம்மராஜன் அவர் கவிதைகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்ததால் இன்றைக்கு ஆத்மாநாம் என்றால் முதலில் கவிதை நினைவுக்கு வருகிறது, நோய் அதற்குப் பிறகே வருகிறது. கோபி கிருஷ்ணன் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' எழுதி, நோயாளிகள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பேச்சை அவர்கள் பேச்சாகவே நம் முன் வைத்தார். நண்பன் என்பவன் செய்யக்கூடிய வேலை இது: இறந்தவனை நோயின் கையில் விட்டுவிடாமல் மீட்டு வைப்பது. என் நண்பன் கவிதை எழுதவில்லை. தொகுப்பதற்கு அவன் விட்டுப்போனது ஒட்டுக்கடையிலும் டுரியான் கொட்டகையிலும் வெள்ள நிவாரணச் சமையலறையிலும் சிதறிக் கிடக்கிறது. அங்கிருந்து பொறுக்கித்தான் இதை எழுதுகிறேன்.

2014-இல் அவன் இறந்தான். நாற்பத்தைந்து வயது. ஊர் இன்றைக்கும் "மனநோயில போயிட்டான்" என்று சொல்கிறது. அவன் இறந்தது மாரடைப்பில். மனச்சிதைவு போன்ற கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்திலிருந்து இருபது வருடம் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அவர்களைக் கொல்வது பெரும்பாலும் இருதய நோயும் இனிப்பு நீரும் தொற்றுகளும்தான். புதிய மாத்திரைகள் சில நடுக்கத்தைக் குறைக்கின்றன, ஆனால் எடையையும் சர்க்கரையையும் ஏற்றுகின்றன. சிகரெட் அவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம், அவனும் விடவில்லை. மருந்தை மாற்றியபின் அவன் கை நடுக்கம் நின்றது, வயிறு பெருத்தது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், "மனசு சரியில்லாதவன் ஏதாவது சொல்லிக்கிட்டேதான் இருப்பான்" என்று உறவினர்களே தள்ளிவிட்டார்கள். அவன் சொல்லும் எதையும் நோயின் பேச்சாகவே கேட்டுப் பழகியிருந்த காதுகளில் அவன் நெஞ்சு வலி விழவில்லை.

ஆகவே தேதியைக் கேட்டால் நான் சொல்லும் பதில் இதுதான். 1988-இல் அவனுக்கு ஒரு நோய் வந்தது. வந்ததோடு யாரும் போய்விடுவதில்லை. 1990-இன் கடைசியில் அவன் அம்மா அவனை இழக்கவில்லை, பாதியை மீட்டார். மீதிப் பாதி அந்த இரண்டு வருடத்தில் போனது. உயிர் போனது, அவன் நெஞ்சைப் பற்றிச் சொன்னதை யாரும் காதில் வாங்காத நாள்களில். இரண்டு இழப்புமே தடுத்திருக்கக் கூடியவை. மூன்றாவதாக ஒன்று உண்டு: உயிரோடு இருக்கும்போதே அவனை இறந்தகாலத்தில் பேசியது. அதைத் தடுக்க மருந்துகூட வேண்டாம்.

எங்கள் வகுப்பு மாணவர்கள் ஒன்றுகூடியபோது மலர் ஒன்று போட்டார்கள். மறைந்தவர்கள் பக்கத்தில் பெயருக்கு எதிரே தொழிலும் ஒரு வரியில் இருந்தது: ஆசிரியர், லாரி முதலாளி, தாதி. அவன் பெயருக்கு எதிரே என்ன போடுவதென்று தெரியாமல் வெறுமையாக விட்டிருந்தார்கள். அச்சுக்குப் போகுமுன் கேட்டு, 'டுரியான் வியாபாரம், கணக்காளர்' என்று போடச் சொன்னேன். அம்மாவிடம் மலரைக் கொடுத்தபோது விரலால் தடவித் தேடி அந்த வரியை என்னைப் படிக்கச் சொன்னார். இரண்டு முறை படித்தேன். "சரியாத்தான் போட்டிருக்க, தம்பி" என்றார்.

1952-இல் ஆங்கிலேயர் காலத்தில் போட்ட மனநோய்ச் சட்டத்துக்குப் பதிலாக 2001-இல் மனநலச் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வர 2010 ஆனது. மனநோயும் ஊனமுற்றோர் அட்டைக்கு உரியதாயிற்று. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. 15555 என்ற எண்ணைச் சுழற்றினால் சுகாதார அமைச்சின் ஆலோசகர் பேசுகிறார். இவை எல்லாம் இருந்தும், பையனுக்கு வந்திருப்பது என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால் மறுபடி இரண்டு வருடம் போகும். அதனால் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும், கோயில் மண்டபங்களிலும், வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று இரவெல்லாம் விழித்திருந்தால், நண்பர்களை விட்டு ஒதுங்கினால், தன்னைப் பற்றி யாரோ பேசுகிறார்கள், தனக்குச் சேதி அனுப்புகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால், திட்டாதீர்கள், வாதாடாதீர்கள். கோயிலுக்குப் போக வேண்டுமானால் போங்கள். அதே வாரம் அரசாங்கக் கிளினிக்குக்கும் போங்கள். ஒரு வெள்ளிதான் சீட்டு. அங்கேயே பார்ப்பார்கள், தேவையென்றால் மனநல மருத்துவருக்கு எழுதிக் கொடுப்பார்கள். பிறகு அந்தப் பிள்ளை படியேறும்போது மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் அதையும் நம்புங்கள்.